தேருக்குப் பின்னால் ஐந்நூற்றுப் பதினேழு

உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் மனிதர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை. அவர்களாவது வாய் உள்ளவர்கள், எதிர்த்துச் சண்டை போடலாம். ஒரு பொக்லைன் உண்மையைச் சொல்லி, ஊரே அதை நம்பாமல், கடைசியில் அதைப் படித்துச் சொன்னவளைப் பிடித்துக் கேலி செய்தால் அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? வேறு வழியில்லாமல் இங்கே சொல்கிறேன்.

பொக்லைன், ரோடு ரோலர், மண் தள்ளும் வண்டி இவற்றுக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்கிறவள் நான். இப்போது வரும் வண்டிகளில் எண்ணெய்ச் சூட்டுக்கு ஒரு சென்சார், அழுத்தத்துக்கு ஒரு சென்சார், கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார் என்று உடம்பெல்லாம் சென்சார்தான். எங்கே வலித்தாலும் வண்டி திரையில் ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண் என்ன சொல்கிறது, நோய் வண்டிக்கா அல்லது சென்சாருக்கேவா என்று லேப்டாப்பை மாட்டிக் கண்டுபிடிப்பது என் வேலை. (இதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எங்கள் தெருவில் கேட்கும் அடுத்த கேள்வி, "எங்க வூட்டு மிக்ஸி சூடாவுது, ஒரு வாட்டி பாக்கிறியா?" என்பதுதான்.)

நடந்தது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில். எங்கள் மேலாளர் நல்லவர், ஆனால் அவருடைய கருணை ஆபத்தானது. பெண் பிள்ளைக்கு எதற்கு வெயிலும் கிரீஸும், ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் புகாரைப் போனில் கேட்டால் போதாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சண்டை போட்டு வெளி வேலை வாங்கியிருந்தேன். அதற்கு அவர் போட்ட நிபந்தனை இது.

"சரி, சோதனைக் காலம் முடியிற வரைக்கும் பாக்கலாம். ஒரே ஒரு கஸ்டமர் வேற இஞ்சினியரை அனுப்புங்கன்னு கேட்டாலும், அன்னைக்கே உங்களுக்கு ஆபீஸ்ல நாற்காலி போட்டுடுவேன். சுத்துற நாற்காலி."

சுற்றுகிற நாற்காலி என்பதை அவர் பரிசு போலச் சொன்னார். எனக்கு அது தூக்கு மேடை மாதிரிக் கேட்டது. டிப்ளமோ முடித்து, வீட்டில் மாதக்கணக்கில் பேசாமல் இருந்து, அப்பாவைச் சம்மதிக்க வைத்து இந்த வேலைக்கு வந்தது போனை எடுத்து "வணக்கம், சொல்லுங்க சார்" என்று பாடுவதற்காக அல்ல.

எங்கள் நெசவுத் தெருக்களுக்கென்று ஒரு முருகன் கோயில் உண்டு. காஞ்சிபுரத்தில் இருக்கும் பெரிய கோயில்களுக்கு நடுவே அதன் பேர் வெளியூருக்குத் தெரியாது. ஆனால் தேர் மட்டும் கனத்தில் யாருக்கும் குறைந்ததல்ல. முன்னால் ஊர் கூடி வடம் பிடித்து இழுக்கும். பக்கவாட்டில் நாலைந்து பேர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். பின்னால் ஒரு பொக்லைன் தன் முன்பக்க வாளியைத் தேரின் அடியில் உள்ள கட்டையில் கொடுத்துத் தள்ளும். பாதி வேலையைச் செய்வது பின்னால் இருக்கும் பொக்லைன்தான் என்பது வடம் பிடிக்கும் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வருடம் தாமல் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் எங்கள் நிறுவனத்தில் வாங்கிய புது வண்டியைத் தேருக்கு இலவசமாக அனுப்பியிருந்தார். விழாக் குழுச் செயலாளர் வேறு யாருமில்லை, என் சித்தப்பா ஏகாம்பரம். புது வண்டி, எலக்ட்ரானிக் வண்டி, நடுத்தெருவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று குழுவில் யாரோ கேட்டதற்கு, "அதுக்குத்தான் எங்க அமுதா இருக்குதே" என்று மார் தட்டியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது.

ஓட்டுநர் தணிகாசலம் என்னைவிடச் சின்னவர். தேர் தள்ளும் பாக்கியம் கிடைத்ததே என்று மாலை போட்டு விரதம் இருந்து வந்தவர். வண்டியின் கேபினுக்கு இரண்டு பக்கமும் வாழை மரம், மாவிலைத் தோரணம், வாளியின் ஒவ்வொரு பல்லிலும் சந்தனம் குங்குமம். வேலுக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை பொக்லைனுக்குப் போட்டிருந்தார்கள்.

தேர் நாளுக்கு நான் லீவு போட்டிருந்தேன். அப்பா தறியில் எனக்கென்று நெய்த முதல் பட்டு, அரக்கு உடம்பும் மாம்பழ மஞ்சள் கரையும், அன்றுதான் கட்டினேன். காலையில் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பொங்கலில் கை வைத்த நேரம் மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க ஊர்ல தேர் நடுரோட்டுல நிக்குதாமே?"

கவனியுங்கள். தேர் நின்ற இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். சித்தப்பா என்னைக் கூப்பிடவில்லை. அவர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார், ஒப்பந்தக்காரர் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் என்னைக் கூப்பிட்டார். குழுவில் மார் தட்டுவதற்கு அமுதா வேண்டும், வண்டி நின்றால் கம்பெனி இஞ்சினியர் வேண்டும்.

அம்மா புடவையை மாற்றிக்கொண்டு போகச் சொன்னாள். நேரமில்லை என்று லேப்டாப் பையையும் டூல் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். பட்டுப் புடவையில் டூல் பையோடு ஓடும் பெண்ணைப் பார்த்தால் கூட்டம் தானாக வழி விடும் என்பது அன்று தெரிந்துகொண்ட பாடம்.

காலையிலிருந்து நின்று நின்று வந்த தேர், தெற்கு வீதித் திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரேயடியாக நின்றிருந்தது. குடை பிடித்த ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

"இஞ்சினியரு எப்பம்மா வருவாரு?"

"வந்தாச்சுங்க."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரையும் காணாமல் மறுபடி என்னைப் பார்த்தார். சித்தப்பா கையில் மைக்கோடு என் பக்கம் வந்து, "யம்மா, சார் யாரும் கூட வரலையா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். சொந்தச் சித்தப்பா! என் டிப்ளமோ சான்றிதழுக்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தெருவெல்லாம் காட்டியவர்.

கேபினில் ஏறி லேப்டாப்பை மாட்டினேன். ஒரே ஒரு எண்தான் இருந்தது, ஐந்நூற்றுப் பதினேழு. அது இருக்கை சென்சாரின் எண். ஓட்டும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டால் வண்டி தானாகக் கியரை விடுவித்து பிரேக் போட்டுக்கொள்ளும். ஆளில்லாத வண்டி யார் மேலும் ஏறிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. வண்டி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஓட்டிக்கொண்டிருக்கும்போது இருக்கையில் ஆள் இல்லை.

"தணிகாசலம், வண்டி ஓடும்போது எந்திரிச்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்லக்கா. காலையிலேருந்து ஒண்ணுக்குக்கூட எறங்கல."

முகத்தைப் பார்த்தாலே பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று தெரிந்தது. சீட் பெல்ட் எங்கே என்று தேடினேன். அது அறுபட்டு, வாழை மரத்தைக் கேபினோடு சேர்த்துக் கட்டியிருந்தது. புது வண்டியின் பெல்ட்டை அறுத்தது யார் என்று கத்தினேன். "அது சும்மாதானக்கா இருந்துச்சு," என்றார் தணிகாசலம், உண்மையிலேயே எதற்குக் கோபம் என்று புரியாமல்.

ஆள் எழுந்திருக்கவில்லை, ஆனால் எழுந்ததாக வண்டி சொல்கிறது. அப்படியானால் சென்சாரோ அதன் ஒயரோ கெட்டிருக்க வேண்டும். படித்தவள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாள். எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னேன். தணிகாசலம் வாளியைக் கட்டையில் கொடுத்தார், முன்னால் வடம் இறுகியது, தேர் ஒரு குலுக்கலோடு அசைந்தது. சித்தப்பா மைக்கில் "வெற்றிவேல் முருகனுக்கு" என்று எடுத்துக் கொடுக்க, தெரு முழுக்க "அரோகரா" என்றது. கீழே நின்ற நானும் ஒரு கையில் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு நின்றிருந்தது. திரையில் மறுபடி ஐந்நூற்றுப் பதினேழு.

இருக்கைக்கு அடியில் தலையை விட்டேன். அங்கே ஒரு பூஜை அறையே இருந்தது. விபூதிப் பொட்டலம், கற்பூரம், வேல் படம், மூடி சரியாக மூடாத பஞ்சாமிர்தப் புட்டி. பஞ்சாமிர்தம் வழிந்து நேராக சென்சார் ஒயரின் இணைப்புக்குள் போயிருந்தது, எறும்புகள் வரிசையாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு அந்தப் புட்டியை உயர்த்திக் காட்டி, மின் இணைப்பில் சர்க்கரை பட்டால் என்ன ஆகும் என்று ஒரு சொற்பொழிவே செய்தேன். தணிகாசலம் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டார். இணைப்பைக் கழுவித் துடைத்து மாட்டினேன். இதற்குள் முந்தானையில் கிரீஸ் பட்டுவிட்டது, அதை இடுப்பில் செருகி மறைத்தேன்.

தேர் அசைந்தது. அரோகரா என்றார்கள். கும்பிட்டேன். வண்டி நின்றது.

இதற்கு மேல் அங்கே நின்ற ஒவ்வொருவரும் இஞ்சினியர் ஆகிவிட்டார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்காததுதான் காரணம் என்றார் இன்னொருவர். போன வருடம் வந்த பழைய வண்டிக்குக் கம்ப்யூட்டரே கிடையாது, அது சொன்ன பேச்சைக் கேட்டது என்று ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் அந்தக் குடைக்காரர் வாயைத் திறந்தார்.

"பொம்பளப் புள்ள வண்டி மேல ஏறிக்கினு எறங்கிக்கினு கீது. சாமிக்கு ஆவுமா?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "நான் வர்றதுக்கு முன்னாடியே நின்னுதே பெரியவரே, அப்ப யார் ஏறினாங்க?" என்று கேட்டேன். அவர் குடையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

ஸ்டோரிலிருந்து புது சென்சாரைப் பைக்கில் கொடுத்து அனுப்பச் சொன்னேன். அது வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வடம் பிடித்தவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள், மோர்ப் பந்தலில் மோர் தீர்ந்துவிட்டது, குருக்கள் தேர் மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வெளியே கிளம்பின தேர் பொழுது சாய்வதற்குள் நிலைக்கு வந்தாக வேண்டும் என்று சித்தப்பா நடந்துகொண்டே முணுமுணுத்தார். சென்சாரை மாற்றி முடித்த நேரம் மேலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"பார்ட்டி வேற இஞ்சினியரைக் கேக்கறாரும்மா. நான் இன்னும் சரின்னு சொல்லல. அரை மணி நேரம் பாக்கறேன்."

சுற்றுகிற நாற்காலி கண் முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

புது சென்சாரோடு தேர் அசைந்தது, அரோகரா எழுந்தது, நான் கும்பிட்டேன், வண்டி நின்றது, ஐந்நூற்றுப் பதினேழு வந்தது. பழைய சென்சாரும் புது சென்சாரும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லாது. ஒயரும் சரி. மீதி இருப்பது தணிகாசலம் மட்டும்தான். இந்த ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை, இருக்கையின் நுனியில் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். (பாதி சரியான முடிவு என்பதை இன்றும் அடித்துச் சொல்வேன்.)

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் சித்தப்பா கையிலிருந்த மைக்கை வாங்கினேன். காலையிலிருந்து சேர்ந்த கோபமெல்லாம் ஒலிபெருக்கி வழியாக நாலு தெருவுக்கும் போனது.

"எல்லாருக்கும் வணக்கம். வண்டியில எந்தக் கோளாறும் இல்ல. சென்சார்லயும் இல்ல. வண்டி ரொம்ப நல்ல வண்டி. ஓட்டுறவங்க சீட்டுல ஒழுங்கா உக்காந்து ஓட்டணும், அவ்ளோதான். இப்ப நானே ஓட்டிக் காட்டறேன்."

சோதனைக்காக வண்டி ஓட்டும் பயிற்சி எங்களுக்கு உண்டு. தணிகாசலத்தை இறக்கிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினேன். மைக்கை மடியில் போட்டுக்கொண்டேன். அணைக்கவில்லை. கூட்டம் முன்னால் போகாமல் பொக்லைனைச் சுற்றிக்கொண்டு என்னையே கண் கொட்டாமல் பார்த்தது. தேரின் ஓரமாக வடத்தைப் பிடித்து நின்ற அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அம்மாவும் வந்துவிட்டாள், அவள் பார்த்தது என் முந்தானையைத்தான்.

வாளியைக் கட்டையில் கொடுத்து மெல்ல அழுத்தினேன். வண்டி முனகியது. தேர் கொஞ்சம் தயங்கி, பிறகு அசைந்தது. அசைந்தது மட்டுமில்லை, ஓடியது. முட்டுக்கட்டைக்காரர்கள் திருப்பிக் கொடுக்க, திருப்பத்தில் தேர் பக்கவாட்டாக வளைந்தது. அதுவரை முதுகு மட்டும் தெரிந்த முருகன், தோளும் வேலும் ஒரு பக்கக் கன்னமுமாக, கேபின் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றான். நாகஸ்வரம் உச்சிக்குப் போனது. சித்தப்பா மைக் இல்லாமலே அடித்தொண்டையில் கத்தினார்.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

நான் எழுந்திருக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உடம்பு எழுந்தது. இரண்டு கையும் தலைக்கு மேல் போயின, கேபின் கூரையில் தலை இடித்தது, மடியிலிருந்து நழுவிய மைக் நான் போட்ட "அரோகரா"வையும், இடித்த தலைக்காக நான் போட்ட "ஐயோ"வையும், அதைத் தொடர்ந்து வந்த பீப் பீப்பையும் ஒன்று விடாமல் நாலு தெருவுக்கும் ஒலிபரப்பியது. வண்டி நின்றது. எதிரே லேப்டாப் திரையில் ஐந்நூற்றுப் பதினேழு.

கேபின் நாலு பக்கமும் கண்ணாடி. இதைவிட நன்றாகப் பார்க்கும்படி ஒரு மனுஷி அவமானப்பட முடியாது.

தணிகாசலம்தான் முதலில் பேசினார். குரலில் கேலி இல்லை, நியாயம் கேட்கும் குரல்.

"அக்கா, இதுக்குப் பேரா எந்திரிக்கிறது? நானும் கும்புடத்தான் செஞ்சேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு முறை தேர் அசைந்து அரோகரா எழுந்தபோதும் அவர் எழுந்து கும்பிட்டிருக்கிறார். கும்பிடுவதை எழுந்திருப்பது என்று அவர் நினைக்கவே இல்லை. வேறு யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்றால், ஊர் முழுக்க அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நான் உட்பட. கண்ணைத் திறந்து வைத்திருந்தது சென்சார் ஒன்றுதான்.

பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் சிரித்தவர் என் அப்பா. வடத்தை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் வேலைக்குப் போக அவரைச் சம்மதிக்க வைத்த அத்தனை மாதங்களில் ஒரு புன்னகைகூடக் காட்டாத மனிதர்.

சிரித்து முடித்த பிறகும் தேர் அங்கேயேதான் நின்றது. இனிமேல் எழுந்திருக்காமல் ஓட்டுங்கள் என்று தணிகாசலத்திடம் சொன்னேன். "முயற்சி பண்றேன்கா, ஆனா கை தானா போவுதே," என்றார். துண்டால் இருக்கையோடு கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, முருகனுக்கு எதிரில் தன்னைக் கட்டிப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். சென்சாரை ஒயரில் முடிச்சுப் போட்டு ஏமாற்றிவிடச் சொன்னார் சித்தப்பா. கூட்டத்துக்கு நடுவே ஓடும் வண்டியின் பாதுகாப்பை நான் அறுக்க மாட்டேன் என்றேன். நாலு பேர் எழுந்து கும்பிடுகிறார்கள் என்பதற்காக நாற்பது பேர் மேல் வண்டியை விட முடியாது.

ஆக, எங்களுக்கு வேண்டியது பொக்லைன் ஓட்டத் தெரிந்த, முருகனே நேரில் வந்தாலும் எழுந்திருக்காத ஒரு ஆள். எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பியது.

அங்கே தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டை போட்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார் கந்தசாமி அண்ணன். குவாரியில் லோடர் ஓட்டுகிறவர். அவர் அம்மா அப்பா இதே முருகனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் கந்தசாமி. விவரம் தெரிந்த வயதில் அறிவழகன் என்று தானே மாற்றிக்கொண்டார். தெருவில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இவரும் கோபப்படாமல் விட்டதில்லை. கடவுள் இல்லை என்பதை ஒவ்வொரு தேர் நாளும் அந்த டீக்கடையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து நிரூபிப்பார்.

நான்தான் போய்ப் பேச வேண்டியிருந்தது. "அறிவழகன் அண்ணே" என்று கூப்பிட்டேன். செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"காலையிலேருந்து பாத்துக்கினுதான் இருக்கேன். உங்க சாமியால அந்த வண்டியைக்கூட ஓட்ட முடியல பாத்தியா?"

"சாமியால இல்லண்ணே, எங்களாலதான் முடியல. எங்களால உக்கார முடியல."

அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழு முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"நான் தேர் தள்ள வரல. ரோட்டை அடைச்சிக்கினு ஒரு பாரம் நிக்குது, பஸ்ஸு போவல. அதை நகர்த்தித் தர்றேன். புரியுதா?"

எல்லோரும் புரிகிறது என்று தலையாட்டினோம். அந்த நேரத்தில் அவர் தேரைக் குப்பை வண்டி என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்போம்.

கந்தசாமி அண்ணன் உட்கார்ந்தார். ஒரு அரோகராவுக்கு அசையவில்லை. பத்து அரோகராவுக்கும் அசையவில்லை. அடுத்த திருப்பத்தில் முருகன் முகத்துக்கு நேராக வந்தபோது ஓரத்தில் துப்பிவிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார். நான் இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேபினைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். தேர் ஒரே மூச்சில் தெற்கு வீதியைக் கடந்து, மேற்கு வீதியையும் வடக்கு வீதியையும் கடந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் நிலைக்கு வந்து நின்றது. சித்தப்பா அழுதுவிட்டார். குருக்கள் பரிவட்டத்தோடு இறங்கி வந்து அண்ணனைத் தேடினார், அவர் அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டிருந்தார். பரிவட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பொக்லைனின் கண்ணாடிக் கம்பியில் கட்டிவிட்டார்கள். (மறு வருடத்திலிருந்து தேர் தள்ளுவது கந்தசாமி அண்ணன்தான். ரோட்டை அடைத்த பாரத்தை நகர்த்துவதாகத்தான் இன்றும் சொல்கிறார்.)

எனக்கு யாரும் பரிவட்டம் கட்டவில்லை. கிரீஸ் பட்ட பட்டோடும் தலையில் புடைப்போடும் ஓரமாக நின்று மேலாளரைக் கூப்பிட்டேன்.

"வண்டி போயிடுச்சும்மா, கேள்விப்பட்டேன். காரணம் என்ன?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எப்படி யோசித்தாலும் பதில் ஒன்றுதான்.

"முருகன், சார்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் தலை இடித்தது உட்பட. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோவை ஒப்பந்தக்காரர் அவருக்கு அனுப்பியிருந்ததால் மறைத்துப் பயனில்லை. மேலாளர் கேட்டார்.

"பழைய சென்சார் சரியா வேலை செஞ்சதா?"

"செஞ்சது சார்."

"புதுசு?"

"அதுவும் செஞ்சது சார்."

"அப்ப தேவையில்லாம மாத்தியிருக்கீங்க."

"ஆமா சார்." தலையிலிருந்த புடைப்பைத் தடவிக்கொண்டேன். "அப்ப திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துடவா சார்?"

"எதுக்கு? ஆபீஸ் வேலைன்னா நாள் பூரா நாற்காலியில உக்காரணும்மா. உங்களால உக்கார முடியாதுன்னு ஊரே பாத்துடுச்சே. வெளியிலயே இருங்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். கேட்டது கிடைத்தது என்று சந்தோஷப்படுவதா, கிடைத்த விதத்தை நினைத்துக் கோபப்படுவதா என்று தெரியாமல் தேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து முந்தானையைப் பிடித்துப் பார்த்து, அவளும் உட்கார்ந்து அழுதாள்.

வேலை நிலைத்துவிட்டது, இன்றும் வெளியில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த எண்ணும் என்னோடு நிலைத்துவிட்டது. தாமல் ஏரியில் வண்டல் அள்ளும் ஓட்டுநர்கள் வரை என்னை அந்த எண்ணில்தான் அடையாளம் சொல்கிறார்கள். வீட்டில் பந்தியில் பரிமாற எழுந்தால், "உக்காரு, நீ எந்திரிச்சா எல்லாம் நின்னுடும்" என்று அப்பா தொடங்குவார். கல்யாணத்துக்கு முன்பே யாரோ என் கணவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். கதையைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தாராம்.

உச்சக்கட்ட அநியாயம் என் வளைகாப்பில் நடந்தது. மண்டபத்தில் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். அம்மா எப்படியோ கிரீஸ் கறையை மடிப்புக்குள் மறைத்து அதே அரக்குப் பட்டைக் கட்டிவிட்டிருந்தாள். ஆரத்தித் தட்டு வந்தது, குலவை போட்டார்கள். என் இரண்டு கையும் குவிந்தன, உடம்பு லேசாக எழுந்தது. மண்டபமே ஒரே குரலில் கத்தியது.

"ஐந்நூத்திப் பதினேழு!"

நான் சுற்றிலும் பார்த்தேன். சித்தப்பா, அப்பா, அம்மா, தணிகாசலம், குடை பிடித்த அந்தப் பெரியவர், ஒருவர் பாக்கியில்லை, எல்லோரும் அட்சதையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றபடிதான் என்னை உட்காரச் சொன்னார்கள். அத்தனை பெரிய மண்டபத்தில் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர் கந்தசாமி அண்ணன் ஒருவர்தான்.